அகல டயரும் மல்லிகாவின் தூக்கமும்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பு. காலை ஏழரை மணி. அப்பர் தாம்சன் ரோட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், பக்கத்து சீட்டில் என் மனைவி மல்லிகா கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மனைவி விழித்திருப்பதெல்லாம் பத்திரிகைப் பத்தியில் எழுதுகிற ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். என் வீட்டில் அது செய்திதான். கெட்ட செய்தி.

மல்லிகாவுக்கு இரண்டு வருடமாகச் சரியான தூக்கம் இல்லை. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் பலருக்கும் வருகிற தொல்லைதான் என்றார் பாலிகிளினிக் டாக்டர். நாலு மணிக்கு மேல் காப்பி வேண்டாம், படுக்கையில் போன் வேண்டாம், வெதுவெதுப்பாகப் பால் குடியுங்கள்... எல்லாம் செய்தாகிவிட்டது. மழைச் சத்தத்தைப் பதிவு செய்து கேட்டால் தூக்கம் வரும் என்றார் ஒரு உறவினர். வந்தது. எனக்கு.

அவள் தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியர். ஒருநாள் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரே பிள்ளையின் பெயரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டு அழுதாள். வேலை விஷயத்துக்காக அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அப்படிப்பட்டவள் நிம்மதியாகத் தூங்கும் இடம் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். என் கார்.

இரண்டே சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் கார். கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். செகண்ட் ஹேண்ட்தான். சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கும் பத்து வருட உரிமம், முடிய இன்னும் மூன்று வருடம்கூட இல்லை. அதற்கப்புறம் அதன் விதி காயலான் கடை. இந்த வயதில் உனக்கு ஸ்போர்ட்ஸ் காரா என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். நீங்களும் கேட்க வேண்டாம். இருபத்திரண்டு வயதில், ஜூரோங் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போது, ஜன்னலுக்கு வெளியே இப்படி ஒரு கார் சத்தமில்லாமல் தாண்டிப் போனது. அன்றைக்குப் பிடித்த ஆசை ஐம்பத்தைந்தில் கைக்கு வந்தது.

ஞாயிறு காலைகளில் உட்லண்ட்ஸிலிருந்து தேக்கா மார்க்கெட்டுக்குப் போவோம். எக்ஸ்பிரஸ்வேயில் சீக்கிரம் போய்விடலாம். நான் பழைய ரோட்டில்தான் போவேன். மண்டாய் ரோடு, அப்பர் தாம்சன் ரோடு... இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள் தலைக்கு மேலே கைகோத்து நிற்கும். முதல் நாள் மழை பெய்திருந்தால் இலைகள் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும். வெயில் துண்டு துண்டாக மல்லிகாவின் மடியில் விழும், நகரும், மறுபடி விழும். ஈர மண் வாசனை. எப்போதாவது ரோட்டோரம் ஒரு குரங்கு. நாம் போகிறோமா, மரங்கள்தான் நம்மைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புகின்றனவா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். அவள் தலை மெல்லச் சாயும். வாய் லேசாகத் திறந்துகொள்ளும்.

அதற்குள் தேக்கா வந்துவிடும். எழுப்ப மனசு வருமா? சிராங்கூன் ரோடு, ஜாலான் புசார், மறுபடி சிராங்கூன் ரோடு என்று சுற்றுவேன். பூக்கடைக்காரர் மல்லிகைச் சரத்தைத் தொங்கவிடுவதை ஒரு சுற்றில் பார்ப்பேன். அடுத்த சுற்றில் அவர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். நல்ல மீனெல்லாம் விற்றுப்போன பிறகுதான் மார்க்கெட்டுக்குள் நுழைவோம். டிராபிக் ஜாம் என்று சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன ஜாம் என்று அவளும் கேட்டதில்லை.

வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு முழுத் தூக்கம். அதில் போய் நான் கைவைத்தேன்.

காரணம், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் எனக்குப் பக்கத்து லாட்காரர். அவருடைய கார் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். ஒவ்வொரு டயரும் உரல் மாதிரி. ஒருநாள் என் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, நாலு சக்கரத்திலும் ஒல்லி ஸ்பேர் டயரா மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். கிண்டல் செய்திருந்தால் பரவாயில்லை. மனுஷன் நிஜமாகவே கேட்டார்.

ஒரு வாரம் வேறு நினைப்பே இல்லை. கம்பெனி போட்டுக் கொடுத்த டயரின் அகலம் 195 மில்லிமீட்டர். 215 போட்டால்? இரண்டே சென்டிமீட்டர்தான் கூடுதல். அந்த இரண்டு சென்டிமீட்டரில் என் காருக்கு வந்துவிடப்போகும் கம்பீரத்தை ஆபீஸ் மீட்டிங்குகளில் உட்கார்ந்து கனவு கண்டேன்.

ஜாலான் புசார் பக்கத்துச் சந்து ஒன்றில் நசீர் பாய் டயர் கடை வைத்திருக்கிறார். பல வருடப் பழக்கம். ரிம்மையும் சேர்த்து மாற்றுகிறீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். அந்த ரிம்மின் அழகுக்காகத்தான் காரையே வாங்கினேன். பாய் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏத்திரலாம்ணே. ஆனா உங்க ரிம்மு ஆறரை இஞ்சுதான். டயரு நேரா நிக்காது, ரெண்டு பக்கமும் பிதுங்கும். நானா இருந்தா போட மாட்டேன்."

போன தீபாவளிச் சட்டைக்குள் என் வயிறு இருந்த மாதிரி இருக்கும் என்கிறார். நானா கேட்பேன்? மாட்டியாயிற்று. எதிர்க்கடையில் நுரை ததும்ப ஒரு தே தாரிக் டீ வாங்கிக்கொண்டு நின்று பார்த்தேன். பின்னாலிருந்து பார்த்தேன், சாய்ந்து பார்த்தேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் என் காரைத்தான் பார்க்கிறார்கள் என்று பட்டது. டீ ஆறிப்போனதே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கார் நிறுத்துமிடத்தில் வளைந்து வளைந்து ஐந்தாவது மாடிக்கு ஏறும்போதுதான் கேட்டது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால்... சர்ர்ர். முன் டயர் உள்ளே எதையோ உரசுகிறது. புதுசுதானே, பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். டயர் என்ன செருப்பா, பழகுவதற்கு?

மறுநாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. ஸ்டியரிங் மந்தமாகியிருந்தது. ரோட்டில் ஒரு பள்ளம், ஒரு கோடு இருந்தால் கார் அந்தப் பக்கம் இழுத்தது. எங்கே உரசுகிறது, எப்போது உரசுகிறது என்று காதைச் சக்கரத்திலேயே வைத்துக்கொண்டு ஓட்டினேன். அப்போதுதான் திரும்பி, மல்லிகா விழித்திருப்பதைப் பார்த்தேன். தூக்கம் வரவில்லையா என்றேன். பரவாயில்லை, நீங்கள் ஓட்டுங்கள் என்றாள்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. சீக்கிரமே தேக்கா போய்விட்டோம். பல மாதங்களுக்குப் பிறகு முதல் தரமான வஞ்சிரம் கிடைத்தது. அந்தக் குழம்பு எனக்கு இறங்கவே இல்லை.

அந்த வாரம் ஒரு சாயங்காலம், அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கிறது. அவள் எதிரிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். இரண்டு சென்டிமீட்டர் கம்பீரத்துக்காக இவளுடைய ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டேனே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமை பாய் கடை. டயர் நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டில்தான் தூக்கம் போய்விட்டது என்றேன். அவர் உள்ளே போய் என் பழைய டயர்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தார்.

"தூக்கிப் போடல. நீங்க வருவீங்கன்னு தெரியும் லா."

வருத்தமாக இல்லையா என்றால், இருந்தது. கழற்றிய அகல டயரை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு. பழைய டயர். ஸ்டியரிங் மறுபடி இறகாகிவிட்டது. உரசல் இல்லை, இழுப்பு இல்லை. தளும்பத் தளும்பக் குடத்தில் தண்ணீர் கொண்டுபோகிறவன் போல ஓட்டினேன். ஹார்ன் இல்லை, பிரேக்கை மிதிக்கவில்லை, மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டேன். மண்டாய் தாண்டியது. அப்பர் தாம்சன் வந்தது. மரங்கள் வந்தன. வெயில் அவள் மடியில் விழுந்து நகர்ந்தது.

அவள் கண் திறந்தே இருந்தது.

டயரை மாற்றியும் வரவில்லை என்றால்? இவளுக்கென்று இருந்த ஒரே இடமும் போய்விட்டதா?

"ஏங்க... என் மேல ஏதும் கோவமா?" என்றாள் மல்லிகா.

திடுக்கிட்டேன். எனக்கென்ன கோபம் என்றேன்.

"மூணு வாரமா வாயே திறக்கல நீங்க. எப்பவும் உட்லண்ட்ஸ்ல ஆரம்பிச்சா தேக்கா வரைக்கும் பேசிக்கிட்டே வருவீங்க. பத்தியில என்ன எழுதப்போறேன், எப்படி ஆரம்பிக்கப்போறேன், எப்படி முடிக்கப்போறேன்னு... மண்டாய் தாண்டுறதுக்குள்ள எனக்குக் கண்ணு சொருகிரும்."

அவளைத் தூங்க வைத்தது என் பேச்சு. கார் இல்லை. டயர் இல்லை. மரமும் காற்றும் இல்லை. மூன்று வாரமாக டயரைக் கேட்டுக்கொண்டிருந்தவன், பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளோ, நான் எதற்குக் கோபமாக இருக்கிறேன் என்று யோசித்து யோசித்து விழித்துக் கிடந்திருக்கிறாள்.

"இப்ப பேசுங்க."

என்ன பேச என்றேன்.

"எதையாச்சும். மாத்திட்டு வந்தீங்களே, அந்த டயரைப் பத்தியே சொல்லுங்களேன்."

சொன்னேன். ரிம்மின் அகலம் ஆறரை அங்குலம், அதற்கென்று அளந்து செய்த டயருக்குப் பக்கச் சுவர் நேராக நிற்கும், அதைவிட அகலமானதைத் திணித்தால் சுவர் வெளியே பிதுங்கும், வளைவில் திரும்பும்போது ஸ்டியரிங் ஒன்று சொல்ல, டயர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும்... யோசிக்கும் இடம் வரைக்கும்தான் வந்திருப்பேன். மல்லிகாவின் தலை சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

நிறுத்தினால் எழுந்துவிடுவாளோ என்று நான் நிறுத்தவே இல்லை. நியூட்டன் ரோடு வரும்போது டயரின் காற்றழுத்தம் பற்றிச் சொன்னேன். தேக்காவை நான்கு முறை சுற்றினேன். டயர் விஷயமெல்லாம் தீர்ந்த பிறகு, இந்தப் பத்தியை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுச் சொன்னேன். ஒரு வரிகூட அவள் கேட்கவில்லை. இத்தனை வருடம் எழுதியதில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

வாசகர்களே, இதைப் படிக்கும்போது உங்களுக்கும் கண் சொக்கினால் தாராளமாகத் தூங்குங்கள் – நான் பேசிக்கொண்டே இருக்கிறேன்.