மூவாயிரத்தில் ஒரு சிவப்புக் கோடு

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு சொல்தாவிடம் டிரைவராக இருந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். கார் அவரோடு கப்பலில் வந்தது. நான் ஓட்டிப் பழகிய அம்பாசடர்களில் இல்லாத ஒரு மீட்டர் அதில் இருந்தது. வண்டியின் வேகத்தை அல்ல, இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைக் காட்டும் மீட்டர். மூவாயிரத்தில் ஒரு சிவப்புக் கோடு. முள் அதைத் தாண்டினால் இன்ஜின் காலி என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கேள்வி கேட்கத் தெரியாத வயதொன்றும் இல்லை எனக்கு.

வில்லியனூருக்கு அப்பால் வாழ்க்கைப்பட்ட என் தங்கச்சிக்கு வீட்டிலேயே பிரசவமாகி, ரத்தம் நிற்கவில்லை என்று ஒரு மத்தியானம் ஆள் வந்தது. சொல்தா சாவியை உடனே எடுத்துக் கொடுத்தார், அதில் குறை சொல்ல முடியாது. பின் சீட்டில் மாப்பிள்ளை அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டார். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கொஞ்ச தூரத்திலேயே கியர் மக்கர் பண்ணியது. இரண்டாவதற்கு மேல் விழவில்லை. இரண்டாவது கியரில் வேகமாகப் போக வேண்டுமென்றால் இன்ஜினை அலறவிட வேண்டும். முள் கோட்டைத் தொடும், நான் காலை எடுப்பேன். மூலக்குளத்தில் ஒரு டவுன் பஸ் எங்களை முந்திப் போனது.

"கொஞ்சம் அழுத்துங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. இதற்கு மேல் போனால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும் என்றேன். ரெட்டியார்பாளையம் தாண்டியதும் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். எனக்குப் புரிந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் கியரைப் பார்க்க வந்த மெக்கானிக் அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டினார். கையோடு வந்துவிட்டது. நெயில் பாலிஷ். கம்பெனி போட்ட சிவப்பு ஐயாயிரத்து ஐந்நூறில், வெயிலில் வெளுத்துப்போய்க் கிடந்தது. அதையும் அவர்கள் கொஞ்சம் முன்ஜாக்கிரதையாகத்தான் போடுவார்கள் என்றார்.

சொல்தாவிடம் கேட்டேன். "நாந்தாம்பா போட்டேன். ஒரு வால்வு போனாக்கூட பிரான்சுலேர்ந்து வரணும்" என்றார். அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அவரைவிட என்னை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்களால முடிஞ்ச மட்டும் வேகமாத்தான் ஓட்டினீங்க மச்சான்" என்றார்.

ஆமாம் மாப்ள என்றேன்.