மாமாவுக்குத் தடிமன் பிடித்த நாள்

என் மாமாவுக்கு, உம்மாவின் ஒரே தம்பிக்கு, பெண் குரல். மற்ற எல்லாம் ஆண்களுக்கு இருக்க வேண்டியபடிதான் இருந்தன. உயரமான ஆள், அகன்ற நெஞ்சு, கன்னம் நிறைந்த தாடி. நெல் மூட்டையை ஒற்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடப்பார். ஆனால் வாயைத் திறந்தால் வருவது மெல்லிய, உயர்ந்த குரல். வாசலில் நின்று அவர் உம்மாவைக் கூப்பிட்டால் ஆரோ பொம்பிளை வந்திருக்கிறாள் என்று வாப்பா எழுந்து அறைக்குள் போய்விடுவார்.

மாமா வேலை செய்தது சம்மாந்துறையில் ஓர் அரிசி மில்லில். அங்கே மட்டும் அந்தக் குரலுக்கு மரியாதை இருந்தது. இயந்திரம் ஓடும்போது மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. மாமா சாதாரணமாகச் சொன்னால் மில்லின் அந்தக் கோடிவரை போகும். அதனாலேயே முதலாளி அவரை வைத்திருந்தார் என்று வாப்பா சொல்லுவார்.

எங்கள் ஊர் கல்முனைக்குடிக்குத் திரும்பி வந்தால் மாமா ஊமை. கடைக்குப் போகும்போது என்னைக் கூட்டிப் போவார். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. சீனி வேண்டும், தேயிலை வேண்டும் என்று என் காதில் சொல்லுவார். நான் கடைக்காரரிடம் சொல்லுவேன். கடைக்காரர் மாமாவைப் பார்க்காமல் என்னிடமே பதில் சொல்லுவார். அந்த வேலை எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் ஏன் தானே கேட்பதில்லை என்று நான் யோசித்ததேயில்லை. பெரியவர்களுக்குப் பிள்ளைகள் செய்யும் வேலைகளில் அதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பாடுவார் என்பதும் எனக்குத் தெரியும். வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் கிணற்றடியில் குளிக்கும்போது பாடுவார். சொல் இல்லாத பாட்டு. வாளி கிணற்றில் விழும் சத்தம் வந்தால் நிறுத்தி, வாளி மேலே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். நான் குசினிக்குள் ஒளிந்திருந்து அதே மாதிரிப் பாடிப் பழகிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதிகளைச் சிரிக்க வைக்க அது உதவியது.

மாமாவுக்கு முப்பது வயதாகியும் கலியாணம் பொருந்தவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். வந்தவர்கள் மாமாவைப் பார்த்ததும் முகம் மலர்வார்கள். மாமா ஸலாம் சொன்னதும் அந்த மலர்ச்சி எங்கேயோ போய்விடும். இப்படி மூன்று இடம் தவறியது. நான்காவதாக ஒலுவிலிலிருந்து ஒரு குடும்பம் வருவதாகத் தரகர் சொன்னபோது வாப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். மாமாவுக்குத் தடிமன் பிடித்துத் தொண்டை கட்ட வேண்டும் என்பதே அந்த வழி.

உம்மா அவருடைய கழுத்தைச் சுற்றி ஒரு துவாயைக் கட்டிவிட்டார். மூக்கில் தைலம் பூசினார்.

"தலைய மட்டும் ஆட்டுங்க மச்சான். மிஞ்சிப் போனா ஓம் எண்டு சொல்லுங்க, அதயும் தொண்டைக்குள்ளால சொல்லுங்க. நிக்காஹ் முடியட்டும், பொறகு விரும்பின மாதிரிக் கதையுங்க," என்றார் வாப்பா.

மாமா தலையை ஆட்டினார். அப்போதே ஒத்திகை தொடங்கிவிட்டது என்று நான் எண்ணினேன்.

அஸர் தொழுகைக்குப் பின் அவர்கள் வந்தார்கள். பெண்ணின் வாப்பா, அவருடைய காக்காவான பெண்ணின் பெரியப்பா, தரகர். உம்மாவும் அவருடைய தங்கை சாச்சியும் திரைச்சீலைக்கு உள்ளே. நான் சின்னப் பிள்ளை என்பதால் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரலாம். மஸ்கத் இனிப்புத் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வாப்பாவின் கதிரையோடு ஒட்டி நின்றேன். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மாமா தலையை ஆட்டினார், ஒரு தடவை இருமினார். பெண்ணின் வாப்பா, "அடக்கமான புள்ள. இந்தக் காலத்துல இப்புடி ஒரு பொடியனக் காணுறது கஷ்டம்," என்று தரகரிடம் சொன்னார். திரைக்குப் பின்னால் உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்றது எனக்குக் கேட்டது.

அந்த நேரம்தான் சாச்சா வந்தார். சாச்சியின் புருஷன். சவூதியில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியருக்குச் சாரதியாக இருந்துவிட்டு லீவில் வந்திருந்தார். தோளில் இரண்டு ஸ்பீக்கர் வைத்த ரெக்கோடர். அதை ஊரில் எல்லாருக்கும் காட்டி முடிந்திருந்தது, ஒலுவில்காரர்கள்தான் மிச்சம். முதலில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். பெண்ணின் வாப்பா தொழுகையாளி, முகத்தைச் சுளித்தார். வாப்பா கண்ணைக் காட்டினார். சாச்சா அவசரமாகக் கசட்டை மாற்றினார்.

"இது எங்கட தொர தந்த கசட். இதுல என்ன சொல்றாங்க எண்டு ஆருக்கும் விளங்காது, பயமில்ல," என்றார்.

முதலில் பியானோ. கூரை ஓரத்திலிருந்து மழைத்துளி விழுவதுபோல ஒவ்வொன்றாக. பிறகு குரல். தாளமில்லை, ஆரவாரமில்லை. ஒரே ஒரு குரல் மெதுவாக ஏறி, ஏறிய இடத்திலேயே அசையாமல் நின்றது. நான் திரைக்குள் எட்டிப் பார்த்தேன். "பாவம், புள்ள மௌத்தாகி அழுற பொம்புள போல," என்றார் உம்மா. சாச்சி, "அந்த நாட்டுக் குளிருக்கு நடுங்குறாள் கா," என்றார். வெளியே பெண்ணின் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு, "நல்ல குரல். சின்ன வயசுப் புள்ளதான்," என்று தீர்ப்புச் சொன்னார்.

சாச்சா அதற்காகத்தான் காத்திருந்தார். கசட் பெட்டியின் அட்டையை எடுத்து நீட்டினார். அதில் கறுப்புக் கோட்டு அணிந்த, தாடி வைத்த, தடித்த ஓர் ஆண்.

"இந்த ஆள்தான் பாடுறது!"

அட்டை கைக்குக் கை மாறியது. பிறகு வீடே சிரித்தது. பெண்ணின் வாப்பா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "இவனுக்கெல்லாம் ஆரு பொண்ணு குடுத்தது?" என்று கேட்டார். வாப்பா எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார், நெற்றி வியர்த்திருந்தது. எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. நடுவில் வந்து நின்று, கைகளை விரித்து, அந்தப் பாட்டுக்காரரைப் போலவே பாடிக் காட்டினேன். அந்தக் குரலைப் பிடிப்பது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. இன்னும் சிரித்தார்கள். ஒலுவில் பெரியப்பா என்னைக் கிட்டக் கூப்பிட்டு ஒரு மஸ்கத் துண்டு தந்தார்.

மாமா சிரிக்கவில்லை. ரெக்கோடரின் பக்கமாகக் குனிந்து இருந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எங்களில் ஒருவரையும் அவர் பார்க்கவில்லை.

சிரிப்பில் பாட்டுக் கேட்காமல் போனதால் சாச்சா ரெக்கோடரை நிப்பாட்டினார்.

"நிப்பாட்டாதீங்க மச்சான். அந்தாள் பாடி முடிக்கட்டும்."

பெண்ணின் வாப்பா முதலில் ரெக்கோடரைத்தான் பார்த்தார். அதிலிருந்து தமிழ் எப்படி வந்தது என்று யோசித்திருப்பார். பிறகு மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார், கழுத்துத் துவாயைப் பார்த்தார். மாமா அப்போதுதான் தான் பேசிவிட்டதை உணர்ந்தவர்போலத் துவாயைப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் நல்ல மனிதர்கள். தேநீரைக் குடித்து முடித்துத்தான் எழுந்தார்கள். பெண்ணின் வாப்பா மாமாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "தடிமன் சொகமாகட்டும் தம்பி," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மூன்றாம் நாள் தரகர் வந்து, பிள்ளை இன்னும் படிக்க விரும்புகிறாளாம் என்றார்.

"ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு வாயப் பொத்திட்டு இரிக்க ஏலாதா?" என்று வாப்பா கேட்டார். அதன் பிறகு மாமா எங்களோடு இருந்து சாப்பிடுவது குறைந்தது. எல்லாரும் சாப்பிட்டு முடிந்தபின் வந்து, மூடி வைத்ததைத் தானே எடுத்துச் சாப்பிடுவார். கிணற்றடியில் வாளிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் அவருக்காகத்தான் வருத்தப்பட்டேன் என்று சொல்ல முடியாது. பாடிப் பழகுவதற்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லையே என்றுதான் இருந்தது.

அவருக்குக் கலியாணம் நடக்காமல் போகவில்லை. ஐந்தாறு வருடம் கழித்துச் சம்மாந்துறையில் ஒரு விதவைப் பெண்ணைக் கலியாணம் முடித்தார். மாமிக்குக் காது கேளாது என்று ஊரில் ஒரு கதை உலாவியது. மாமிக்கு நன்றாகவே கேட்கும். மாமாவைப் போலப் பாடுகிற ஆண்களுக்கு வெள்ளைக்காரர் நாடுகளில் கவுண்டர்டெனர் என்று தனிப் பெயர் இருப்பதை நான் அறிந்தது அதற்கும் வெகுகாலம் பிறகு.

அந்த லீவு முடிந்து சாச்சா சவூதிக்குத் திரும்புவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, மாமா என்னைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். வழக்கம்போல நான்தான் கேட்டேன்.

"மாமாக்கு அந்த வெள்ளக்காரன்ட கசட் வேணுமாம்."

சாச்சா சங்கடப்பட்டார். "அதுக்கு மேல புள்ளயள்ட பேச்சப் பதிஞ்சிட்டன் மச்சான். அங்க போனாக் கேக்குறதுக்கு. தனிய இரிக்கிற எடம்தானே." பிறகு, "கடசியில கொஞ்சம் மிச்சமிருக்கும், வேணுமெண்டாப் போட்டுப் பாருங்க," என்று ரெக்கோடரை எங்கள் முன்னால் வைத்துவிட்டுப் பயணச் சாமான் கட்டப் போனார்.

மாமா நாடாவை ஓடவிட்டார். சாச்சாவின் பிள்ளைகள் பாடம் ஒப்புவித்தார்கள், சண்டை பிடித்தார்கள், வாப்பா எப்ப வருவீங்க என்று கேட்டார்கள். பிறகு ஒரு கடக் சத்தம். அந்தக் குரல் கடைசித் தடவையாக ஒரு மூச்சு நேரம் நின்றது, பியானோ இரண்டு துளி விழுந்தது, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் பெரிய இரைச்சல்.

"மழையா மாமா?"

"இல்ல புள்ள. கை தட்டுறாங்க."

"ஆருக்கு?"

"அந்தாளுக்கு."

நாடாவைப் பின்னுக்கு ஓட்டி மறுபடியும் போட்டார். பிறகு இன்னொரு தடவை. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ என் தலையைப் பிடித்து ஸ்பீக்கரோடு வைத்தார்.

"ஒனக்கு நல்ல காதுதானே. கேட்டுச் சொல்லு. இதுக்குள்ள ஆராவது சிரிக்கிறாங்களா?"

கேட்டேன். ஆயிரம் கைகள் இருக்கலாம். ஆரோ ஒரு ஆள் தூரத்தில் சந்தோஷமாகக் கூவினார்.

"இல்ல மாமா. ஒருத்தரும் சிரிக்கல்ல."

"வடிவாக் கேட்டியா?"

ஒரு தடவை சொன்ன பதில் அவருக்கு ஏன் போதவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. பாட்டே இல்லாத கைதட்டலை மனிதர் இத்தனை தடவை கேட்பாரா? எனக்குப் பசித்தது. வடிவாகக் கேட்டுவிட்டேன், வாங்க வீட்டுக்குப் போவம் என்று அவருடைய சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன். மாமா ரெக்கோடரை நிப்பாட்டிவிட்டு என்னோடு எழுந்து வந்தார்.