அம்பத்தூர் என்று அதற்கு எப்படித் தெரியும்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி சாப்பிட்ட கையோடு என் மனைவி மீனா கரண்டு பில் கட்டலாம் என்று லேப்டாப்பைத் திறந்தாள். திரையின் வலது மூலையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. அம்பத்தூரில் உங்களுக்காக மூன்று பெண்கள் காத்திருக்கிறார்களாம். மூன்று பேர்! எனக்கு அப்போது காத்திருந்தது காஸ் சிலிண்டர் மட்டும்தான்.

"இது என்னங்க?"

"விளம்பரம்."

"அதுக்கு அம்பத்தூர்னு எப்படித் தெரியும்?"

கை கழுவிக்கொண்டிருந்த நான் குழாயை மூட மறந்து நின்றேன். பதில் தெரியாமல் இல்லை. நம் இணைய இணைப்பு எந்த ஏரியாவிலிருந்து வருகிறது என்பதை அந்த விளம்பரக் கடன்காரன் மோப்பம் பிடித்து ஊர்ப்பெயரை நடுவில் செருகிவிடுவான், அவ்வளவுதான். நான் நின்றது அந்தக் கேள்விக்காக. அதே கேள்வியைப் பல வருஷங்களுக்கு முன்னால் இன்னொரு மனைவி கேட்டாள். அன்று நான் புருஷன் இல்லை, கம்ப்யூட்டர் மெக்கானிக்.

சரி, முதலில் மீனாவுக்கு விளக்கம் சொன்னேன். பட்டா விண்ணப்பம் ஒன்றை நெட்டிலிருந்து இறக்கும்போது ஏதோ ஒரு தளம் "நீ ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்து" என்று கேட்டிருக்கிறது. ரோபோ இல்லை என்று நிரூபிக்கும் அவசரத்தில் நானும் அழுத்தியிருக்கிறேன். பிரவுசரின் செட்டிங்ஸுக்குள் போய், அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்றவர்களின் பட்டியலைக் காட்டி, வாயில் நுழையாத பெயருள்ள அந்தத் தளத்தை நீக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். "சரி" என்றாள். லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தச் சரியை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பட்டா விண்ணப்பத்தையே எடுத்துப் போய் அவளிடம் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

எனக்குச் சந்தேகப் புத்தி என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கத்தில் டவுன்லோட் என்று மூன்று பச்சைப் பொத்தான் இருந்தால், பெரிதாக இருக்கும் இரண்டும் திருட்டுப் பொத்தான் என்பேன். எதை இன்ஸ்டால் செய்தாலும் அதைச் செய்தவனுடைய சொந்தத் தளத்திலிருந்துதான் எடுப்பேன். ஒவ்வொரு பக்கத்தையும் பத்திரம் படிக்கிற மாதிரி படித்து, அவர்களாகவே போட்டு வைத்திருக்கிற டிக்கை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் நெக்ஸ்ட் கொடுப்பேன். இலவசம் என்று எழுதியிருந்தால் போச்சு, மோரைக்கூட மோந்து பார்ப்பேன். ஆனால் பிறவியிலேயே நான் இப்படி இல்லை ஐயா. ஒரு காலத்தில் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ் என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டியவன்தான்.

அப்போது அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடிக்கடையில் எனக்கு வேலை. சிபியு மூடியைக் கழற்றினால் சூடான தூசி வாசனை வரும், கூடவே கீழே பஜ்ஜிக்கடை எண்ணெய் வாசனையும் ஏறி வரும். இன்றைக்கும் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தால் எனக்குப் பசிக்கும். எங்கள் முதலாளி இரண்டு பாடம் வைத்திருந்தார். ஒன்று, பென் டிரைவை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. இரண்டு, "எப்பவும் தப்பு நம்ம பக்கம் இல்ல. மறந்துடாத."

அந்தப் பென் டிரைவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீல நிறம், மூடி தொலைந்தது, கருப்புக் கயிற்றில் கட்டி என் கழுத்தில் தொங்கும். வீடு வீடாகப் போய்ப் போடவேண்டிய எல்லாமே அதற்குள் இருக்கும். தமிழ் எழுத்துரு, ஜாதகம் கணிப்பது, படம் பார்க்க வீடியோ பிளேயர். எங்கிருந்து யார் இறக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. ஆயுத பூஜையன்று ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயன் எல்லாவற்றோடும் அதையும் தட்டில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டுவோம். முதலாளி பூசணிக்காயை உடைத்துவிட்டு அதை எடுத்து என் கழுத்தில் மாட்டுவார். குங்குமம் ஒட்டிய அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

மேனாம்பேட்டில் கஸ்தூரி அக்கா எங்கள் வாடிக்கைக்காரர். வீட்டிலேயே டைப்பிங் எடுத்துச் செய்வார். வாடகைப் பத்திரம், கல்யாண ஜாதகக் குறிப்பு, கோயில் நோட்டீஸ். மானிட்டர் மேல் பூப்போட்ட துணியுறை, அதன் நெற்றியில் விபூதிப் பட்டை. அவர் கணவர் தனசேகர் அண்ணன் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். நல்ல உயரம், குறைந்த பேச்சு. ஒருநாள் பிரிண்டர் பார்க்கப் போனபோது அவர் தயங்கித் தயங்கி வந்து கேட்டார்.

"நைனா, பாட்டு சிடி போட்டா சவுண்டு மட்டும் வருது, படம் வர மாட்டேங்குது. இன்னான்னு பாரேன்."

பழைய பாட்டு சிடிகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு அதுதான் சினிமா, அதுதான் பீச். நான் கழுத்திலிருந்து நீலத்தை எடுத்துச் செருகி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ். படம் வந்தது. அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. அக்கா போட்டுத் தந்த டீயில் அன்றைக்கு ஒரு ஏலக்காய் கூடுதல்.

பத்து நாள் கழித்து அக்கா கடைக்குப் போன் செய்தார். குரலே சரியில்லை. போனேன். அங்கே கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் கேஸ் அடுப்பு ரிப்பேர் மாதிரி இல்லை, ஒரு கூட்டம் கூடும். முன்பக்கத்துக் குடித்தனக்கார அம்மா, அவர் மகன், மருமகள், நெமிலிச்சேரியிலிருந்து வந்திருந்த அக்காவின் அண்ணன், எல்லோரும் எனக்குப் பின்னால் நின்றார்கள். நெட்டைப் போட்டதும் ஜன்னல் ஜன்னலாகத் திறந்தது. எல்லாம் அம்பத்தூரில் காத்திருக்கிற பெண்கள். ஒரு டைப்பிங் வேலைக்கு வந்த ஸ்கூல் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

"எங்கியோ கீற கம்பெனிக்கு அம்பத்தூரு எப்படித் தெரியும் தம்பி?" என்றார் அக்கா. "யாராவது போய்ச் சொன்னாதானே தெரியும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஐந்து பேர் வாய் திறந்து நம் பதிலுக்குக் காத்திருப்பது அந்த வயதில் லேசான விஷயமா? முதலாளியின் பாடம் வேறு நாக்கு நுனியில் இருந்தது.

"யாரோ கண்ட சைட்டுக்குப் போயிருக்காங்கக்கா. போகாம இது வராது."

தனசேகர் அண்ணன் சாப்பாட்டுப் பையோடு வாசற்படியில் நின்றிருந்தார். ஷிப்டு முடிந்து அப்போதுதான் வந்தவர். "நான் பாட்டு சிடிதான் போட்டேன்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"பாட்டு சிடில இருந்து இதெல்லாம் வருமா தம்பி?" என்று நெமிலிச்சேரிக்காரர் என்னைக் கேட்டார்.

"வராதுங்க" என்றேன். அது உண்மை. சிடியிலிருந்து வரவில்லைதான். அட, என் உண்மையில் இடி விழ!

கம்ப்யூட்டரை மொத்தமாக ஃபார்மட் செய்தேன். வீடியோ பிளேயர் போடட்டுமா என்றபோது அக்கா, "பாட்டும் வாணாம் ஒண்ணும் வாணாம்" என்றார். அடுத்து, தமக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பாஸ்வேர்டு போட்டுத் தரச் சொன்னார். எல்லோர் எதிரிலும்தான் சொன்னார். அக்கா அதை அடித்தபோது தனசேகர் அண்ணன் கீபோர்டைப் பார்க்காமல் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்த முதுகு எனக்கு இப்போதும் தெரிகிறது.

அதற்குப் பிறகு விளம்பரம் வரவில்லை. எப்படி வரும்? பிளேயரையே போடவில்லையே. ஆனால் மேனாம்பேட்டில் கணக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. பாஸ்வேர்டு போட்டார்கள், நின்றது. அப்போ யார்? இதற்கு மேல் சாட்சி எதற்கு?

ஒரு மாதம் போயிருக்கும். கடையிலேயே புத்தம் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தோம். நான் நீலத்தைச் செருகி எல்லாவற்றையும் போட்டேன். எந்தத் தளத்துக்கும் போகவில்லை. நெட் வயரை மட்டும் மாட்டினேன். அம்பத்தூரில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். அதே பெண், அதே சிரிப்பு. அன்று நான் பஜ்ஜிக்குக் கீழே இறங்கவில்லை.

பிளேயரை எடுத்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்து, முதல் தடவையாக ஒவ்வொரு பக்கத்தையும் படித்தேன். மூன்றாவது பக்கத்தில், அடியில், சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. கூடவே ஒரு டூல்பாரும் சலுகை விளம்பரங்களும் வரும், சம்மதமா என்று கேட்டு, சம்மதம் என்று அவர்களே டிக்கும் போட்டு வைத்திருந்தார்கள். அதற்கு எத்தனை வீடுகளில் நான் தலையாட்டியிருக்கிறேன்! வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, அதுவும் குங்குமப் பொட்டோடு. முதலாளியிடம் சொன்னேன். "நமக்குள்ள இருக்கட்டும். வெளிய சொன்னா கடைய மூடிட்டு நாமளும் பஜ்ஜிதான் போடணும்" என்றார்.

வீட்டுக்குப் போகத் தைரியம் இல்லை. எஸ்டேட் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தனசேகர் அண்ணனைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினேன். கோபப்படுவார், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் டீயைக் குடித்து முடித்து கிளாசை வைத்தார்.

"அன்னிக்கு நீ சொல்லசொல்லோ அஞ்சு பேரு கேட்டாங்க நைனா. இன்னிக்கு நான் ஒருத்தன்தான் கேக்கறேன்."

இரண்டு டீக்கும் நான் காசு கொடுத்தேன்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் ஊட்டுக்கு வா. மச்சானும் வராரு. அவுங்க எதிர்ல சொல்லிடு, போதும். நான் சொன்னா எடுபடாது."

வருகிறேன் என்றேன். சத்தியமாகப் போகத்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தலைவாரி, சட்டை மாற்றி, மேனாம்பேடு தெருமுனை வரை போனேன். வேலை போய்விட்டால்? ஐந்து பேரும் சிரித்தால்? பெட்டிக்கடையில் ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் வேறு கம்பெனி, கல்யாணம், இதே அம்பத்தூரில் ஒரு ஃப்ளாட். அந்தத் தெருவைத் தவிர்க்க மட்டும் பத்து நிமிஷம் சுற்றிக்கொண்டு போவேன். மீனா கேட்டால் டிராபிக் என்பேன்.

அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போன அன்று மத்தியானம் நான் செருப்பை மாட்டினேன். நான் அரை நாள் அனுபவித்ததை அந்த மனுஷன் எத்தனை நாள் அனுபவித்தாரோ.

மேனாம்பேட்டில் அக்கா வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி நின்றது. வாட்ச்மேன் தரைத்தளத்தைக் காட்டினார். இடத்தைக் கொடுத்ததற்குப் பங்காக வந்த ஃப்ளாட் போல. கதவைத் திறந்த கஸ்தூரி அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிய நேரமானது. உள்ளே சுவரில் தனசேகர் அண்ணன் மாலையோடு இருந்தார். நாலு வருஷம் ஆகிறதாம்.

உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். பென் டிரைவ், பிளேயர், டிக், டீக்கடை, ஞாயிற்றுக்கிழமை எல்லாம். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அக்கா படத்தின் மாலையைச் சரிசெய்தார். பிறகு, "நீதானா அது?" என்றார்.

"எது அக்கா?"

"ஒரு ஞாயித்துக்கெழம துவச்ச சட்டைய போட்டுகினு, மிச்சரு வாங்கியாந்து தட்டுல கொட்டி வச்சுகினு ஒக்காந்துனு இருந்தாரு. எங்கண்ணனயும் போவ வுடல. யாரு வர்றாங்கன்னு கேட்டேன். ஒரு தம்பி வரும்னாரு. வெளக்கு வெக்கிற வரைக்கும் வாசலயே பாத்துகினு இருந்தாரு. எதுக்கு வரும்னு கடசி வரிக்கும் சொல்லவே இல்ல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து நெமிலிச்சேரிக்குப் போட்டார். ஸ்பீக்கரை அழுத்தி என் முன்னால் வைத்தார். "அண்ணே, ஒரு தம்பி வந்துகீது. இன்னா சொல்லுதுன்னு கேளு. நீ சொல்லு தம்பி. மொதல்லருந்து சொல்லு."

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

"இத்த சொல்றதுக்கு இத்தினி வருசமா தம்பி?" என்றார் நெமிலிச்சேரி அண்ணன், வயதான குரலில்.

கடை இருந்த மாடியில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். நீலப் பென் டிரைவை அதன் குட்டு தெரிந்த அன்றே நான் சுத்தியலால் நசுக்கிவிட்டேன். அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டதாக அக்கா சொன்னார். பாஸ்வேர்டு அவருக்கே மறந்துவிட்டதாம். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, கேட்கவேண்டியவர்களும் கேட்டாகிவிட்டது. அவர்கள் கேட்பதைப் பார்ப்பதற்கென்று துவைத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான் இல்லை.