எழுத்துருவையும் சேர்த்து அனுப்பினேன்

2005 மார்ச் 14, திங்கட்கிழமை, காலை 10.20. பதுளையில் தூறல். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் ஒரே பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள். ஆட்சேபணை தெரிவிக்க அன்று நண்பகல் வரைதான் அவகாசம். பஸ் நின்றால் 43 பிள்ளைகள் பசறைப் பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டும். இன்டர்நெட் கடையில் நானே தமிழில் தட்டச்சு செய்து, கொழும்பிலுள்ள போக்குவரத்து அலுவலகத்துக்கு ஈமெயில் அனுப்பினேன். மனம் கேட்காமல் உடனே தொலைபேசியிலும் விசாரித்தேன்.

"ஐயா, ஒண்டும் விளங்கேல்லை. எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாச் சிதறிக் கிடக்கு. இங்கிலீஷிலயே எழுதி அனுப்புங்கோவன்" என்றார் அங்கிருந்த எழுதுவினைஞர்.

கடை நடத்தும் செல்வி சிரித்தாள். "நீங்க அடிச்ச எழுத்துரு அவங்க கம்ப்யூட்டர்ல இல்லீங்க ஐயா. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே!"

வரும். ஆனால் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. நான் ஏன் மாற்றி எழுத வேண்டும்?

"அந்த எழுத்துருவையே அனுப்பும்மா" என்றேன்.

"பன்னெண்டு மணி தாண்டிருச்சின்னா பஸ் இல்லாமப் போயிருமே ஐயா!"

செல்வி அதை ஈமெயிலில் அனுப்பினாள். நான் மறுபடி அழைத்தேன். செல்வி சொல்லச் சொல்ல, எழுதுவினைஞர் எழுத்துருவைத் தம் கணினியில் ஏற்றினார்.

"முதல் வரியை வாசிங்க தம்பி" என்றேன்.

11.48க்கு வாசித்தார். என் தமிழ்தான். ஆட்சேபணையைப் பதிந்துகொண்டார்கள், பஸ்ஸும் நிறுத்தப்படவில்லை.

இப்போது எந்த அலுவலகத்துக்குத் தமிழில் ஈமெயில் அனுப்பினாலும் எழுத்துருவையும் இணைக்கிறேன். முதல் வரியை வாசிக்கக் கேட்ட பிறகே தொலைபேசியை வைக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அன்று இன்டர்நெட் கடைக்குக் கொடுக்கும் 40 ரூபாவோடு முடிந்திருக்கும். தமிழில் எழுதியதற்கு, இரண்டு தொலைபேசி அழைப்புகளோடு, 164 ரூபா.