பிரிக்காத பை

எங்கள் சங்கக் கிளையின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார் செயலாளர். மாநாட்டு மலருக்காம். ஓய்வு பெற்றவள், பொழுது போகாமல் இருப்பேன் என்று நினைத்திருப்பார். பொழுது நன்றாகவே போகிறது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

பாலக்காடு மாவட்டத்து முதலமடைப் பக்கம் முப்பது வருஷம் தபால் கொடுத்தேன். கிராமத் தபால் ஊழியர் என்று பெயர். காகிதத்தில் நாலு மணி நேர வேலை, அதனால் நிரந்தரம் கிடையாது. மாந்தோப்புகளுக்கு இது தெரியாது. அவை ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருந்தன. எங்களை நிரந்தரமாக்கு என்பதுதான் சங்கம் பிறந்த நாள் முதல் கோரிக்கை. நான் இன்னொரு வழியிலும் முயன்றேன். இலாகா பரீட்சை எழுதினேன். தேறினால் நிரந்தரத் தபால்காரி. வயது வரம்புப்படி அதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு.

முடிவு வருமுன் சமரம் வந்தது. வேலைநிறுத்தத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். துணை அஞ்சலக வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். மாங்காய் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஆதரவு என்று எடுத்துக்கொண்டோம். உள்ளே எங்கள் ஊர்களுக்கான தபால் பைகள் முத்திரையோடு மூலையில் குவிந்தன. அவற்றை யாரும் பிரிக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. என் முகத்தைப் பார்த்தால் யாரும் கிட்டே வரமாட்டார்கள்.

பத்தாம் நாள் போஸ்ட்மாஸ்டர் வெளியே வந்தார். அவர் நிரந்தர ஊழியர், சமரத்தில் இல்லை.

“ஏனுங்கம்மா, உங்கூர்ப் பையை மட்டும் பிரிச்சுக்கறனுங்க. அவசர ரிஜிஸ்டர் தபால் ஏதாச்சும் கெடக்கும்.”

“யாருதா இருந்தாலும் கெடக்கட்டுங்க சார்” என்றேன்.

பந்தலில் கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சமரம் முடிந்ததும் பைகளை நானே பிரித்தேன். ரிஜிஸ்டர் ஒன்றே ஒன்று, என் பெயருக்கு. பரீட்சையில் தேறிவிட்டேன், சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், வராவிட்டால் வாய்ப்பு ரத்து என்று இருந்தது. குறித்த நாள் தாண்டி மூன்று நாளாகியிருந்தது. கொடுத்தவர், பெற்றவர் இரண்டு இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன்.

பாலக்காட்டுக்குப் போய் அதிகாரியிடம் கெஞ்சினேன். ஏன் வரவில்லை என்று கேட்டார். சமரம் என்றேன். எதற்காகச் சமரம் என்றார். நிரந்தர வேலைக்காக என்றேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். விதியில் இடமில்லை என்றார். திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம், இன்றும் இருக்கிறது.

நாலு மணி நேர ஊழியராகவே ஓய்வு பெற்றேன்.

வரலாற்றை எழுதி முடித்தாயிற்று. செயலாளர் புதியவர், அந்தச் சமரத்தைப் பார்க்காதவர். ஒரு வரியை மட்டும் உறுதிப்படுத்தச் சொன்னார்: ‘அந்த நாட்களில் எங்கள் கிளையில் ஒரு கடிதம்கூடப் பட்டுவாடா ஆகவில்லை.’

சரிதான் என்று சொன்னேன்.