பலகையில் மீன் சுடுகிறவர்

சிதம்பரத்துத் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிய ஜெயராணி, அந்த வேலையை உதறிவிட்டு கடலூர் சில்வர் பீச்சில் மீன் வறுவல் கடை போட்டாள். கடையின் பெயர்ப்பலகைக்கு இயேசு படம் கேட்டாள். பெயின்டர் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமக்கும் மேய்ப்பரைக் காட்டினார். அவளுக்கோ கடற்கரையில் குந்தி மீன் சுடுகிற இயேசுதான் வேண்டும். அப்படியே வரைய வைத்தாள்.

கடை திறப்புக்கு ஜெபம் பண்ண வந்த அண்ணன் சாலமோன், சபை மூப்பர். பலகையைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"ராஜாதி ராஜாவ சமையக்காரரா ஆக்கிட்டியே! இத எடுத்தாதான் ஜெபம்."

அண்ணன் ஜெபிக்காமல் அடுப்பு மூட்ட அவளுக்கு மனம் வரவில்லை. படத்தை எடுக்கவும் வரவில்லை.

"ராஜாதாண்ணே. ஆனா ராத்திரி பூரா வலை போட்டு வந்தவங்களுக்கு அவரு இன்னா பண்ணாரு? யோவான் கடைசி அதிகாரத்த எடு."

சாலமோன் வேதாகமத்தைத் திறந்தார். உயிர்த்தெழுந்தவர் கரையில் கரிநெருப்பு போட்டு, மீன் வைத்து, சீடர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். சாலமோனே பலமுறை பிரசங்கம் செய்த பகுதிதான். அன்று இயேசு சொன்னதும் சீடர்களின் வலை மீனால் நிறைந்த அற்புதத்தைப் பற்றித்தான் எப்போதும் பேசியிருக்கிறார்.

கண்ணை மூடி நீளமாக ஜெபித்தார். ஆமென் சொன்ன கையோடு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ரெண்டு சங்கரா மீனு போடும்மா. அவரே கூப்புடுறாரு, வேணான்னு சொல்ல முடியுமா?"