தட்டில் போன ரேஸர்

ஆணுக்கு மீசை அழகு என்று சொல்லி வைத்த பெரியவர்கள், பெண்ணின் மோவாயில் முடி முளைத்தால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஊரிகம் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த ரெபேக்காவுக்குக் கல்லூரி நாட்களில் அது முளைத்தது. ஹார்மோன் கோளாறு, மாத்திரை போட்டால் குறையும் என்றார் டாக்டர். உடம்பு பெருத்தது, முடி குறையவில்லை. நூல் போட்டு எடுத்தால் கொப்புளம். மெழுகு வைத்தால் தோலே உரிந்து வந்தது. கடைசியில் ஆண்கள் செய்வதையே அவளும் செய்தாள். விடிவதற்குள் எழுந்து, குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு சவரம் செய்து, அதன் மேல் பவுடர் பூசி, பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடினாள். முப்பது வயது தாண்டியும் இதுதான் அவளுடைய காலை ஜெபம். கொரோனா சமயத்தில் ஊரே மாஸ்க்கைத் திட்டிக்கொண்டு திரிந்தபோது அவள் ஒருத்திதான் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அவளுடைய தோல் ரோஷக்காரத் தோல். பிளேடு பட்ட இடமெல்லாம் சிவந்து தடிக்கும், இரண்டாம் நாள் பருவாகும். நல்ல ரேஸராக வாங்கலாம் என்றால் வீட்டில் சவரம் செய்கிற ஆம்பிளை இல்லை. அப்பா ஜெயகரன், அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து தாடி விட்டவர். ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவுக்கு அந்தத் தாடி நன்றாகத் தெரியும். அங்கே போய் பிளேடு கேட்டால் கடைக்காரன் கொடுப்பதற்கு முன்னால் காரணம் கேட்பான். ஆகவே முகம் தெரியாத பங்காருபேட்டை ஸ்டேஷன் கடையில், தூக்கிப் போடுகிற மலிவு ரேஸர்களை வாங்கி வந்து முகத்தைக் கெடுத்துக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்?

அந்தச் சமயத்தில்தான் ஜோஸ் பெண் பார்க்க வந்தான். லைன் முனையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஐடாவின் அண்ணன் மகன். மாதா கோவிலில் ஆண்கள் பக்கம் பார்த்த முகம்தான். கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். காப்பியை நீட்டும்போது அவன் கழுத்து அவள் கண்ணில் பட்டது. காலருக்கு மேலே சிவப்புப் பொரிகள், நடுவில் ஒன்று சீழ் வைத்திருந்தது. கம்பெனியில் தினமும் ஷேவ் செய்து வரச் சொல்கிறார்கள் என்று அவனே கூச்சத்தோடு சொன்னான். ரெபேக்காவுக்கு அழுகை வரும்போல இருந்தது. இவனிடம் சொல்லலாம், இவனுக்குப் புரியும் என்று நினைத்தாள். கல்யாணம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்றும் நினைத்தாள். அவன் சுமாரான ஆள்தான். அவள் சரி என்றது அந்தக் கழுத்துக்காக.

நிச்சயதார்த்தத்துக்கு முகம் தெளிய வேண்டும். போக வர ரயிலில் போனும் கையுமாக உட்கார்ந்து ரேஸர் சாஸ்திரம் முழுவதும் படித்தாள். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று விளம்பரம் செய்வதெல்லாம் அவளைப் போன்றவர்களுக்கு எமன். முன் பிளேடு முடியை இழுக்கும், பின் பிளேடு தோலுக்குக் கீழே அறுக்கும், அறுபட்ட முடி உள்ளேயே சுருண்டு வளர்ந்து சீழ் பிடிக்கும். வேண்டியது ஒற்றை பிளேடு போடுகிற சேஃப்டி ரேஸர். அதிலும் பிளேடு வெளியே அதிகம் நீட்டாதது. தலை கனமாக, கை அழுத்தாமல் தன் பாரத்திலேயே இறங்குவது. பூச்சு உரியாத எஃகு, ஈரக் கையில் வழுக்காத பிடி. மாப்பிள்ளையைப் பற்றி அப்பா இதில் கால்வாசி விசாரித்திருந்தால் போதும்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆன்லைனில் ஆர்டர் போட்டாள். ஆபீசுக்கு வரவழைக்க முடியாது, கேட்டில் செக்யூரிட்டி பிரித்துப் பார்ப்பான். லைனிலும் சங்கடம் இல்லாமல் இல்லை. எல்லா லைனிலும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி நம்பர். டெலிவரி பையன்கள் அலைந்து சலித்து எல்லாவற்றையும் ஐடா கடையில் போட்டுவிட்டுப் போவார்கள். ஐடாவுக்குப் பார்சல் என்றால் பொதுச் சொத்து. பிரித்துப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லித்தான் கொடுப்பாள். அதற்கும் ரெபேக்கா ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு வைக்கும் தட்டில் துணியோடு சோப்பு, சென்ட், ஷேவிங் செட் வைப்பது லைன் வழக்கம். யாராவது கேட்டால் அதற்குத்தான் என்று சொல்லிவிட்டு, தட்டில் சாதாரண செட் ஒன்றை வைத்துவிடலாம்.

பொய் பலித்தது. ரொம்ப நன்றாகவே பலித்தது.

"இன்னாடி ரெபேக்கா, ரேஸர் வந்துக்குது? உங்கப்பன் தாடிய எடுக்கப் போறாரா?" என்று கடைக்குள்ளிருந்தே கேட்டாள் ஐடா. பெட்டி திறந்து கிடந்தது.

"இல்ல ஆன்ட்டி. ஜோஸுக்கு. தட்டுல வைக்கறதுக்கு."

"அப்பிடியா? நல்ல கனமாத்தான் கீது. எங்க அண்ணிகிட்ட காமிச்சிட்டு நானே தட்டுல வச்சிர்றேன். நீ ரயிலுக்கு ஓடறவ, எங்கயாவது மறந்துட்டுப் போயிடுவ."

பிடுங்கவா முடியும்? நிச்சயதார்த்தத்தன்று ரேஸர் தட்டின் நடுவில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆளுக்கு ஒரு தரம் எடுத்துக் கனம் பார்த்தார்கள். ரெபேக்கா தலை குனிந்து நின்றாள். பெண்ணுக்கு வெட்கம் என்றார்கள். பவுடர் போதாதென்று அவள் குனிந்திருந்தது யாருக்குத் தெரியும்?

அடுத்த வாரம், அதே ரயிலில் வேலைக்குப் போகிற ஜோஸ் அவள் பெட்டிக்கு வந்தான். அவன் கழுத்தில் பாதிப் பொரி அடங்கியிருந்தது.

"சூப்பர் ரேஸர் ரெபேக்கா. எரியவே இல்ல. எப்பிடித் தெரிஞ்சுது ஒனக்கு?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. பக்கத்து சீட்டில், தினமும் கூட வருகிற நளினி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"நெட்ல பாத்தேன்," என்றாள். "அழுத்தாதீங்க. முடி போற பக்கமாவே இழுங்க. பிளேட வாரத்துக்கு ஒருக்கா மாத்திடுங்க."

தன் மருந்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு, அதைச் சாப்பிடும் முறையையும் சொல்லிக் கொடுத்தாள். இன்னொன்று வரவழைத்தால் ஐடா விடமாட்டாள், யாருக்கு என்பாள். மறுபடியும் பங்காருபேட்டை மலிவு ரேஸர்தான். கல்யாணப் பெண்ணைப் பார்க்க ஆள் வந்துகொண்டே இருந்ததால் தினமும் சவரம், சில நாள் இரண்டு தரம். வெட்டுப்பட்ட தோலிலேயே மறுபடி பிளேடு. மோவாய் முழுக்கச் சீழ் கோத்துக்கொண்டது.

முதல் ஞாயிறு கோவிலில் அவளுக்கும் ஜோஸுக்கும் கல்யாண ஓலை வாசிக்கப்பட்டது. இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று மூன்று ஞாயிறு ஃபாதர் படிப்பார். பூசை முடிந்து வெளியே வெயிலில் நின்றபோது ஐடா அவள் மோவாயைப் பிடித்துத் தூக்கினாள். பவுடர் பெயர்ந்து விரலோடு வந்தது.

"இன்னாடி இது?"

"சூட்டுக் கட்டி ஆன்ட்டி."

ஐடா விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாம் ஞாயிறு ஃபாதர் வேறு இரண்டு ஜோடிகளின் பெயரைப் படித்துவிட்டுத் தாளை மடித்தார். கோவிலில் ஒரு தலை விடாமல் ரெபேக்கா பக்கம் திரும்பியது. ஜெயகரன் மட்டும் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாடி நடுங்கியதை அவள் பார்த்தாள். அவளுக்கு ஆறாதது அதுதான்.

அன்று மாலையே ஐடா தட்டு சாமான்களைத் திருப்பிக் கொண்டுவந்தாள். சட்டைத் துணி, சென்ட், சோப்பு, கைக்கடிகாரம்.

"தப்பா நெனைக்காதண்ணா," என்றாள் ஜெயகரனிடம். "தோல் வியாதின்னா எங்க அண்ணி பயப்படுது. நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கும் வரும்ங்குது. ஜோஸ் பாவம், அம்மா பேச்சத் தட்டமாட்டான்."

"எல்லாம் வந்திடுச்சாம்மா?" என்று கேட்டார் ஜெயகரன், தட்டைப் பார்த்தபடி.

"அந்த ரேஸர் மட்டும் வரல. போட்டுப் பழகினத எப்பிடித் திருப்பிக் குடுக்கறது?" ஐடா ரெபேக்காவின் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் உண்மையான அக்கறை இருந்தது. "சும்மா வுடாதடி. ஜோஸுக்கும்தான் கழுத்தெல்லாம் கெடந்துது. நல்ல சாமானா வந்துச்சு, போயிடிச்சு பாரு. எல்லாத்துக்கும் ஒரு வழி கீது."

"ஆமா ஆன்ட்டி," என்றாள் ரெபேக்கா.

தவக்காலம் கழிந்ததும் ஜோஸுக்கு வேறு பெண்ணோடு ஓலை வாசித்தார்கள். பங்காருபேட்டைப் பெண், எலுமிச்சம்பழ நிறமாம். ரெபேக்கா பெண்கள் பக்கம், தூணோரமாக உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து அவன் கழுத்து நன்றாகத் தெரிந்தது. ஒரு பொரி இல்லை, ஒரு வடு இல்லை. வாரத்துக்கு ஒருக்கா பிளேடு மாற்றுகிறான், சொன்ன பேச்சு கேட்கிறவன்தான்.

இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று படித்தார் ஃபாதர். ரெபேக்கா கைக்குட்டையால் மோவாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குத் தடை ஒன்றும் தெரியாது. ரேஸர் ஒன்று திரும்பி வர வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.